தீர்ப்புக்கு மறுகா

பெத்தாவுக்கு, அதாவது என் அம்மம்மாவுக்கு, ஆங்கிலம் தெரியாது. அப்பா முப்பது வருசத்துக்கு மேல் இலங்கையின் கிழக்கில் கல்முனை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அதனால் எங்கள் வீட்டில் ஆங்கிலப் படம் பார்ப்பதென்றால், அப்பா கதிரையில் நிமிர்ந்திருந்து சொல்லச் சொல்ல, பெத்தா பன்பாயில் வெற்றிலை வட்டாவோடு இருந்து கேட்பார். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிறவர் "கண்டாராம்", "சொன்னாராம்" என்று சொல்லக் கூடாது. சாட்சி "நான் கண்டேன்" என்றால் அவரும் "நான் கண்டேன்" என்றே சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் அப்பாவை விட்டுப் போகவில்லை. படத்தில் கொலைகாரன் வாயைத் திறந்தால் அப்பாவும் "நான்தான் செய்தேன்" என்பார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

நீதிமன்றப் படங்கள் என்றால் அப்பாவுக்கு உயிர். ஓய்வுபெற்ற பிறகு டவுனுக்குப் போய்வரும் போதெல்லாம் ஒரு டிவிடியாவது கையில் இருக்கும். பெத்தாவுக்கும் வழக்கு என்றால் விருப்பம்தான். காணி வழக்கு, எல்லை வழக்கு, தாபரிப்பு வழக்கு என்று கோடு கச்சேரி ஏறி இறங்கிய தலைமுறை அவர்களுடையது. மன்றில் வாதாடுகிற அப்புக்காத்து எப்படிக் கேட்டார், வழக்கைத் தயார் செய்கிற பிறக்கிராசியார் எங்கே கோட்டைவிட்டார் என்று ஐம்பது வருசத்துக்கு முந்திய வழக்கைக்கூட வரிசையாகச் சொல்லுவார். ஆனால் எந்தப் படம் முடிந்தாலும், திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும், பெத்தாவிடமிருந்து ஒரு கேள்வி வரும்.

"மறுகா?"

மட்டக்களப்புக்கு வெளியில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மறுகா என்றால் பிறகு. பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறார். அப்பா, "அவ்வளவுதான் மாமி, தீர்ப்புச் சொல்லியாச்சு" என்பார். பெத்தா ஒத்துக்கொள்ள மாட்டார். "தீர்ப்பு கிடக்கட்டும் மருமகன். மறுகா என்ன நடந்த?"

பழைய நீதிமன்றப் படங்கள் மதத்தை எப்படிக் காட்டுகின்றன என்று யோசிக்கும் போதெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

ஒரு வைகாசி மாதம். கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்க இன்னும் நாலு நாள். கச்சான் காற்று வீசி, செட்டிபாளையத்து மணல் கால் வைக்க முடியாமல் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஸ்டான்லி கிரேமர் 1960 இல் எடுத்த 'இன்ஹெரிட் த விண்ட்' படத்தை அப்பா போட்டார். அமெரிக்காவின் தெற்கில் ஒரு சின்ன ஊர். மனிதன் கீழ்நிலை உயிரிலிருந்து வந்தான் என்று வகுப்பில் படிப்பித்த ஒரு வாத்தியார்மேல் வழக்கு. ஊரே பைபிளும் கையுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு, வழக்கை நடத்த வருகிற பெரிய மனிதரை ஊர்வலமாக அழைத்துவருகிறது. வாத்தியார் பக்கம் பேச இன்னொரு பெரிய வழக்கறிஞர் வருகிறார். இரண்டு பேரும் ஒரு காலத்துச் சிநேகிதர்கள். ஸ்பென்சர் டிரேசியும் பிரெட்ரிக் மார்ச்சும் நடித்தார்கள் என்று சொல்வது போதாது. வியர்வையும் விசிறியுமாக அந்த இரண்டு கிழவர்களும் நம் கண் முன்னாலேயே ஆளை ஆள் தின்கிறார்கள்.

படம் உண்மை வழக்கிலிருந்து பிறந்தது. 1925 ஜூலையில் டெனசி மாநிலத்து டேட்டன் என்ற ஊரில் ஜோன் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மேல் நடந்த வழக்கு அது. அதிலிருந்து 1955 இல் நாடகம் வந்தது, நாடகத்திலிருந்து படம். நாடகம் எழுதியவர்களின் மனதில் இருந்தது கம்யூனிஸ்டுகளைத் தேடி அவர்கள் காலத்தில் நடந்த மக்கார்த்தி விசாரணைகள். வேறொரு பயத்தைச் சொல்வதற்குப் பழைய வழக்கை எடுத்துக்கொண்டார்கள். அதனால் படத்தில் ஊர் முழுக்க ஒரே முகமாகிவிடுகிறது. மதம் என்றால் பாட்டு, ஊர்வலம், கூச்சல், சொந்த மகளையே சபிக்கிற பிரசங்கியார். அந்த ஊருக்குப் பண்பாடு என்று வேறொன்றும் இருப்பதாகப் படம் காட்டுவதில்லை. அவர்கள் சமைப்பதும், நோயாளியைப் பார்க்கப் போவதும், சாவீட்டில் பாடுவதும் அதே மதத்தோடுதான் நடந்திருக்கும். அதெல்லாம் கமராவுக்கு வெளியில் நிற்கிறது.

படத்து வாத்தியார் சிறையில் இருப்பார். உண்மையில் ஸ்கோப்ஸ் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. மனிதப் பரிணாமம் படிப்பிக்கக் கூடாது என்ற சட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழக்கு வேண்டும் என்று சிவில் உரிமைச் சங்கம் ஒன்று விளம்பரம் போட, ஊருக்குப் பேர் கிடைக்கும் என்று டேட்டன் பிரமுகர்களே அவரைக் கேட்டுச் சம்மதிக்க வைத்தார்கள். விசாரணை வானொலியில் நேரடியாகப் போனது. அரசுத் தரப்புக்கு வந்த வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன் மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர், அமெரிக்கா அடுத்தவன் நாட்டைப் பிடிப்பதை எதிர்த்துப் பேசியவர். டார்வின் பேரைச் சொல்லி வலியவன் எளியவனை மிதிப்பதை நியாயப்படுத்துவார்கள் என்ற பயமும் அவரிடம் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வழக்கில் பேசப்பட்ட பாடப்புத்தகத்திலேயே மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை மேலே வைத்திருந்தார்கள். 'தாழ்ந்த' குடும்பங்கள் பெருகாமல் பார்க்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

இதை நான் பின்னாளில் வாசித்தபோது படத்தின்மேல் எனக்கு மெய்யாகவே கோபம் வந்தது. பரிணாமம் உண்மை, அதைப் படிப்பிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. நானும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். ஆனால் வெள்ளைக்காரன் நம்மை வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினான் என்று தெரிந்த ஒருத்திக்கு, அந்தப் புத்தகத்தின் மற்றப் பக்கங்களைப் படம் மறைத்தது பெரிய விசயம்தான். அறிவு ஒரு பக்கம், மூடத்தனம் மறு பக்கம் என்று கோடு போட அவர்களுக்கு வசதியாக இருந்தது. அந்த வசதிக்காக ஒரு ஊரின் முழு வாழ்க்கையையும் எதிரிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

ஆனாலும் அந்தப் படத்தை நான் கைவிடவில்லை. கடைசிக் காட்சிக்காகத்தான். எல்லாரும் போன பிறகு டிரேசி தனியாக நிற்கிறார். எதிராளி செத்துப்போய்விட்டார். செத்தவரைக் கேலி செய்த பத்திரிகைக்காரனைத் திட்டி அனுப்பிவிட்டார். மேசையில் கிடக்கும் டார்வின் புத்தகத்தை ஒரு கையிலும் பைபிளை மறு கையிலும் எடுத்துத் தூக்கிப் பார்க்கிறார். பிறகு இரண்டையும் சேர்த்து அடித்து ஒன்றாக அணைத்துக்கொண்டு வெளியே போகிறார். அப்பா அந்த இடத்தில் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் பேசாமல் இருந்தார். பெத்தா மாத்திரம் கேட்டார்.

"மறுகா?"

அன்றைக்கு அப்பாவிடம் பதில் இருக்கவில்லை. பிறகு நான் தேடிச் சொன்னேன். தீர்ப்பு வந்து ஐந்தாவது நாள் பிரையன் தூக்கத்தில் போய்விட்டார். நூறு டொலர் தண்டத்தை ஜூரி போடாமல் நீதிபதி போட்டது பிழை என்று 1927 இல் மேல்நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்தது. சட்டம் மாத்திரம் 1967 வரைக்கும் அப்படியே கிடந்தது. பெத்தா கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப அவனுகள் ஒருத்தரும் ஆறல்ல."

ஆறவில்லை என்கிறார். ஆறுதல் என்ற சொல்லின் வினை அது. சூடு ஆறுவது, கோபம் ஆறுவது. அந்த வாரம் ஊரில் எல்லாருடைய வாயிலும் இருந்த சொல்லும் அதுதான்.

ஏனென்றால் எங்கள் ஊர்களின் அம்மன் ஒரு வழக்காளி. பாணமையிலிருந்து வாகரை வரைக்கும் நீளும் இந்தக் கரையில், காரைதீவிலும் தம்பிலுவிலிலும் பட்டிமேட்டிலும் செட்டிபாளையத்திலும் நாங்கள் கும்பிடுகிற கண்ணகை, அநியாயத் தீர்ப்புக்கு எதிராக அரண்மனை வாசலில் போய் நின்றவள். வைகாசிச் சடங்கில் கோயிலில் படிக்கப்படுகிற ஏட்டின் பெயரே 'கண்ணகி வழக்குரை'. பண்டிதர் வி. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்த பிறகு அச்சிலும் கிடைக்கிறது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே ஓலையிலும் வாயிலும் இருந்தது. வேறு இடங்களில் தேவாரமும் தோத்திரமும் படிக்கிற நேரத்தில், எங்கள் ஊரில் ஒரு வழக்கின் நடவடிக்கைகளைப் படிக்கிறார்கள்.

சின்ன வயதில் பெத்தாவின் மடியில் படுத்தபடி அதைக் கேட்டிருக்கிறேன். முன்னால் விளக்கு. பூசை செய்கிற கட்டாடியார் உடுக்கை அடிக்கும்போது மணிக்கட்டு மாத்திரம்தான் அசையும், தோள் அசையாது. உடுக்கின் சத்தம் ஏறி இறங்கி, பாட்டு வழக்குரைக்கிற இடத்துக்கு வரும்போது, பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். முடிவு என்னவென்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு வருசமும் பெத்தாவின் தொடை அந்த இடத்தில் இறுகுவதை என் கன்னம் உணரும்.

அந்த விசாரணையை இளங்கோவடிகள் எழுதியபடி ஒருக்கால் நிதானமாகப் பாருங்கள். மன்னன் யார் நீ என்று கேட்கிறான். கண்ணகி "தேரா மன்னா" என்று தொடங்குகிறாள். ஆராயாதவனே என்பதுதான் அவளுடைய முதல் குற்றச்சாட்டு. பிறகு இரண்டு பழைய தீர்ப்புகளைச் சொல்கிறாள். ஒன்று புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்தவனுடையது, மற்றது பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனுடையது. அப்பா இதை, "முன்தீர்ப்புகளை எடுத்துக்காட்டுகிறாள்" என்பார். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று மன்னன் சட்டம் பேசுகிறான். அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பில் முத்து என்கிறான் அவன். சான்றுப் பொருளைக் கொண்டுவரச் சொல்லி அவனே உத்தரவிடுகிறான். உடைக்கிறாள். மாணிக்கம் மன்னன் வாயருகே தெறிக்கிறது. "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அவன் விழுகிறான்.

இதில் கடவுள் எங்கே வருகிறார்? வரவே இல்லை. அவள் எதன்மேலும் ஆணையிடவில்லை, அற்புதம் எதுவும் செய்து காட்டவில்லை. தன் கற்பைச் சாட்சிக்கு அழைக்கவும் இல்லை. ஒரு பொருளைக் கொண்டுவந்தாள், உடைத்துக் காட்டினாள், நிரூபித்தாள். நெருப்பு, தெய்வம், மதுரை எரிந்தது எல்லாம் தீர்ப்புக்குப் பிறகு. அமெரிக்கப் படங்களில் மதம் ஆதாரத்துக்குப் பயந்த ஒன்றாக நிற்கும்போது எனக்குள் ஏதோ முரண்டு பிடிப்பது இதனால்தான். ஆதாரம் காட்டி வழக்கை வென்றதாலேயே தெய்வமான ஒருத்தியைக் கும்பிட்டு வளர்ந்திருக்கிறோம்.

அப்பாவின் நீதிமன்றத்திலும் மதமும் சட்டமும் படத்தில் வருவது போல ஆளுக்கு ஒரு மேசை போட்டு எதிரெதிரே இருக்கவில்லை. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் சாட்சி எல்லாரும் கீதையில் கை வைப்பார்கள் என்று நினைப்பார்கள். இலங்கையில் 1895 ஆம் ஆண்டுச் சத்தியக் கட்டளைச் சட்டத்தின்படி கிறிஸ்தவர் பைபிளில் சத்தியம் செய்வார். இந்துவும் பௌத்தரும் முஸ்லிமும் உண்மை சொல்வதாக உறுதி கூறினால் போதும். அந்த உறுதிமொழியை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிக்கொடுத்தவர் அப்பா. சொல்லி முடித்ததும் எங்கள் ஆட்கள் தாமாகவே, சட்டம் கேட்காத ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்களாம்: "அம்மாளாணை."

அதே சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. எதிராளி இன்ன இடத்தில் இன்ன முறையில் சத்தியம் செய்தால், அதை முடிவாக ஏற்கிறேன் என்று ஒரு கட்சி சொல்லி, மறுகட்சியும் ஒத்துக்கொண்டால், சத்தியத்தோடு வழக்கு முடிந்துவிடும். அப்பா இளைஞராக இருந்தபோது நடந்த ஒரு காணி வழக்கைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் தம்பி இருவர். வரம்பு ஒன்றுதான் பிரச்சினை. கண்ணகை கோயில் வாசலில் சத்தியம் செய்தால் விட்டுவிடுகிறேன் என்றான் தம்பி. அண்ணன் சம்மதித்தான். அதைப் பார்த்து அறிக்கை கொடுக்க நீதிமன்றத்திலிருந்து ஆள் போனது. கூடவே அப்பாவும் போனார். அந்தக் கோயில் வைகாசியில் மாத்திரம் திறக்கிற கோயில். அது ஐப்பசி. ஆகவே பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணன் குளித்து ஈரவேட்டியோடு வந்தவன், கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தம்பியிடம், "வரம்ப நீயே வெச்சுக்கடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அவன் பொய் சொல்லியிருந்தானா, அல்லது ஒரு வரம்புக்காக அம்மாளை எழுப்ப மனம் வரவில்லையா? அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

இப்படியொரு காட்சியை எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை. பூட்டிய கதவு ஒன்று தீர்ப்புச் சொல்வதை எடுக்க யாராவது முயன்றால் நன்றாக இருக்கும்.

தமிழில் மதத்தை நீதிமன்றத்துக்கு இழுத்துவந்த படம் என்றால் 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'தான். பெத்தாவின் வயதுக்காரர்கள் அதன் வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். கோயிலுக்குள் தன் தங்கையிடம் தவறாக நடக்கப் பார்த்த பூசாரியைத் தாக்கிய குணசேகரன் கூண்டில் நின்று பேசுகிறான். கோயில் கூடாது என்பதற்காகக் கோயிலில் குழப்பம் விளைவிக்கவில்லை, அது கொடியவர்களின் கூடாரமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்கிறான். கலைஞரின் அந்த வரியைக் கடவுள் மறுப்பு என்று எதிர்த்தார்கள், தடை கேட்டார்கள். பெத்தாவோ அதைக் கேட்டு ஒருநாளும் சங்கடப்பட்டதில்லை. இவ்வளவுக்கும் அவர் ஒரு வைகாசிகூட, அம்மனைக் குளிரச் செய்கிற குளிர்த்திச் சடங்கைத் தவறவிட்டதில்லை. அரசன் மன்றத்தில் நின்று நீதி கேட்பது, நடந்த அநியாயத்தைச் சபை அறிய உரைப்பது, இதெல்லாம் அவருக்குச் சாமி காரியம் மாதிரித்தான். குணசேகரனின் குரலில் அவர் வழக்குரையைக் கேட்டார் என்று நினைக்கிறேன். எழுதியவர் சிலப்பதிகாரத்தில் ஊறியவர் என்பது பிறகு எல்லாருக்கும் தெரிந்த விசயம். அந்தப் படத்தில் பண்பாடு ஒன்று, மதம் செய்கிறவர்கள் வேறு என்று பிரித்துப் பேச முடிந்தது. கிரேமரின் படத்தால் அது முடியவில்லை.

பிரித்துப் பார்க்கிற கண் இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். என்னோடு படிப்பிக்கிற காத்தான்குடி முஸ்லிம் தோழி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் கலியாணம் கட்டிய மகளுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில்தான் இருப்பார், இரண்டு பக்கமும் தாய்வழியில் குடி பார்க்கிறோம். மதம் இரண்டு, வாழ்க்கைமுறை ஒன்று. ஆனால் கலியாண வழக்கு என்று வந்தால் நான் போகிற இடம் மாவட்ட நீதிமன்றம், அவர் போக வேண்டியது காதி நீதிமன்றம். 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி அங்கே வழக்கறிஞர் பேச முடியாது, பெண் காதியாக முடியாது. அவர் ஐந்து நேரமும் தொழுகிறவர். அந்தச் சட்டம் மாற வேண்டும் என்று முதல் ஆளாகக் கையெழுத்து வைக்கிறவரும் அவர்தான். 'இன்ஹெரிட் த விண்ட்' பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "இதுல நான் எந்தப் பக்கத்துல இரிக்கன்?" நானும் யோசித்துப் பார்த்தேன். அந்தப் படத்தில் அவருக்கு உட்கார ஒரு வாங்குகூட இல்லை.

'டு கில் எ மொக்கிங்பேர்ட்' படத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு இடம் உண்டு, மேல்மாடத்தில். 1962 இல் வந்த படம். கீழே வெள்ளையர்கள், மேலே கறுப்பர்கள். அவர்களோடு அவர்களுடைய போதகர். பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் ஒருவருக்காக வெள்ளை வழக்கறிஞர் ஒருவர் பேசிய வழக்குத் தோற்றுவிடுகிறது. வழக்கறிஞர் பையைக் கட்டிக்கொண்டு வெளியேறும்போது மேல்மாடம் முழுவதும் ஒரு சொல்லும் இல்லாமல் எழுந்து நிற்கிறது. தரையில் இருக்கும் அவருடைய மகளை, "எழும்பு, உன் அப்பா போகிறார்" என்று எழுப்புகிறவர் போதகர்தான். மதம் பேசுகிற அத்தனை படங்களிலும் எனக்கு இந்த ஒரு அசைவு போதும். அப்பா படித்த பள்ளிக்கூடத்துக்கு அமெரிக்கத் தெற்கின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து இயேசு சபைக் குருமார் வந்து படிப்பித்தார்கள். மட்டக்களப்பில் கூடைப்பந்து வேரூன்றியதும் அவர்களால்தான். ஆகையால் அந்தத் தெற்கத்திய ஆங்கிலம் அப்பாவின் காதுக்குப் பழக்கம். இந்தப் படத்தை மொழிபெயர்க்கும்போது மாத்திரம் அவர் குரல் கொஞ்சம் இளகும்.

'எ மேன் ஃபோர் ஆல் சீசன்ஸ்' பற்றி நிறையச் சொல்ல எனக்கு மனம் இல்லை. இங்கிலாந்து அரசனுடைய மணமுறிவுக்குச் சம்மதிக்காத தோமஸ் மோர் சட்டத்தையே கேடயமாகப் பிடித்து, வாயைத் திறக்காமல் தப்பிக்கப் பார்க்கிறார். ஒரு பொய்ச் சாட்சி அவர் தலையை வாங்குகிறது. 1535 இல் வெட்டினார்கள், 1935 இல் புனிதராக்கினார்கள். அழகான படம், ஆனால் பேசுகிற எல்லாரும் படித்த பெரிய மனிதர்கள். அவர்கள் நடுவில் ஊர் இல்லை.

பெத்தாவை உலுக்கிய படம் வேறு. கார்ல் டிரையர் 1928 இல் எடுத்த 'த பேஷன் ஒஃப் ஜோன் ஒஃப் ஆர்க்'. பேசாப் படம். அப்பாவுக்கு வேலையே இல்லை. எழுத்து வரும்போது ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். 1431 இல் நடந்த விசாரணையின் உண்மையான ஏட்டிலிருந்து எடுத்த கேள்விகளும் பதில்களும்தான் அந்தப் படம். அறை முழுக்கக் குருமார்கள். நடுவில் ஜோன் என்ற பத்தொன்பது வயது பிரெஞ்சு நாட்டுப்புறத்துப் பெண். ஜோனாக நடித்த ஃபல்கொனெட்டியின் முகம் திரையை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. மற்றப் படங்களில் மதம் குற்றவாளியாக நிற்கும். இதில் நீதிபதியும் மதம்தான், கூண்டில் நிற்பதும் மதம்தான். அவர்களிடம் இருக்கிற மதம் படிப்பும் பதவியும் உடுப்பும். அவளுடையது வயல்வெளியில் தனக்குக் கேட்ட குரல். "நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா?" என்று மடக்கப் பார்க்கிறார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்றம். இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருந்தால் அதிலேயே வைத்திருக்கட்டும் என்கிறாள்.

பெத்தா வெற்றிலையைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலைமுடியை மழிக்கிற காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெருப்பு வைத்து முடிந்தது. மறுகா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அன்றைக்கு வேறு கேட்டார்.

"இவளுக்குத் தாய் இல்லையா?"

இருந்தாள். படத்தில் இல்லை, சரித்திரத்தில் இருந்தாள். அந்த இரவே தேடி வாசித்தேன். ஜோனின் தாய் பெயர் இசபெல் ரோமே. மகளைக் கொன்று இருபத்துநாலு வருசத்துக்குப் பிறகு, 1455 நவம்பரில், பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் பாப்பரசரின் பிரதிநிதிகளுக்கு முன்னால் மனுவோடு போய் நின்றாள். வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னாள். சாட்சிகளைத் தேடித் தேடி விசாரித்து, 1456 ஜூலையில் பழைய தீர்ப்பு செல்லாது என்று அதே திருச்சபை சொன்னது. மகளைப் புனிதராக்கியது 1920 இல். டிரையர் தன் படத்தை நெருப்போடு முடித்தார். ஆனால் பெத்தா கேட்ட மறுகாவுக்கான பதில் அந்தத் தாய். அவள் நடந்த நடைக்கும் ஒரு படம் வேண்டும்.

விடியக்காலம் இதைப் பெத்தாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "மறுகா? தாய் போகாம ஆரு போற?" என்று சொல்லிவிட்டு முற்றம் கூட்டப் போய்விட்டார்.

அடுத்த நாள் கோயில் கதவு திறந்தது. கலியாணக்கால் நட்டார்கள். எங்கள் சடங்கு கலியாணத்தில் தொடங்கி வழக்கில் ஏறிக் குளிர்த்தியில் முடியும். மதுரையை எரித்த பிறகும் அவள் சூடு ஆறவில்லை, அந்தச் சூட்டோடுதான் ஊருக்குள் வருகிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. ஆகவே வழக்கை வென்றவளை மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்துப் பாட்டுப் பாடிக் குளிரச் செய்வார்கள். அம்மா, நீ சொன்னது சரி, இனிக் குளிர்ந்தருள் என்று மன்றாடுவார்கள். அந்த இரவுக்கு வெளியூரிலிருந்து, வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். கொப்புளிப்பான் கண்டவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், வழக்குள்ளவர்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருந்தா. 1990 இல் வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வரவில்லை. மனு, சத்தியக்கடதாசி, ஆணைக்குழுக் கடிதங்கள், எல்லாவற்றையும் ஒரு நீல நிறக் கோப்பில் வைத்திருப்பா. அதற்கு மேலே ஒரு பொலித்தீன் பை. எங்கே விசாரணை என்றாலும் அந்தக் கோப்போடு போவா. அப்பாதான் கடிதங்களை வாசித்துச் சொல்லுவார், மொழிபெயர்ப்பார். அப்போதும் அதே பழக்கம்தான். "என் மகன் அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தான்" என்று அப்பா உரக்க வாசிக்க, மாமி "ஓம், நீலச் சட்டை" என்று தலையாட்டுவா.

அந்த வருசக் குளிர்த்தியில் பெத்தாவுக்குப் பக்கத்தில் மாமி இருந்தா. விடியப்புறம் பாட்டு முடிந்து, தண்ணீர் எடுக்கச் சனம் முட்டி மோதியது. மாமி தள்ளி நின்று, கூட்டம் குறையும்வரை பார்த்திருந்தா. பிறகு போய் ஒரு செம்பில் வாங்கிவந்தா. தன் தலையில் தெளிக்கவில்லை. மணலில் குந்தி, பையிலிருந்து கோப்பை எடுத்து மடியில் வைத்தா. பொலித்தீன் சரியாக மூடியிருக்கிறதா என்று நாலு மூலையும் தடவிப் பார்த்தா. பெத்தா ஒரு வேப்பங்கொத்தை எடுத்துக் கொடுத்தார். அதைச் செம்பில் தோய்த்து, கோப்பின்மேல் மூன்று தரம் தெளித்தா. சொட்டுகள் பொலித்தீனில் உருண்டு நின்றன. மாமி அதைத் துடைக்காமல், சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தா.